மடகாஸ்கரின் தென்மேற்குக் கடற்கரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவுக்கு எதிரே இந்தியப் பெருங்கடலில் கிடக்கும் பெருந்தீவு மடகாஸ்கர். உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அதன் தென்மேற்கில், துலியாரா நகரிலிருந்து வடக்கே மொரோம்பே வரை நீளும் கரையில் பவளப்பார், கடற்புல், அலையாத்தி மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்த மூன்றையும் நம்பித்தான் வெஸோ மீனவர் வீடுகளில் உலை கொதிக்கிறது. அங்கே என்ன கெட்டுப்போனது, எதைச் செய்து பார்த்தார்கள், எது நின்றது, எது சரிந்தது என்பவை பற்றிய கேள்விகளும் பதில்களும் இவை.

வெஸோ மக்கள் எப்படி மீன் பிடிக்கிறார்கள்?

ஒரே மரத்தைக் குடைந்து, ஒரு பக்கம் மிதவைக் கட்டை பூட்டிய பாய்வள்ளம்தான் அவர்களுடைய படகு. ‘லக்கா’ என்பார்கள். ஃபராஃபட்சே என்னும் மிக இலேசான மரத்தில் குடைவார்கள். அந்த மரம் கடலோரத்தில் இல்லை, உள்நாட்டு வறண்ட காட்டில்தான் இருக்கிறது. காடு எரிந்தால் வள்ளத்துக்கு மரம் கிடைக்காது. ஆகவே அங்கே கடலும் காடும் தனித்தனிப் பேச்சு அல்ல.

ஆண்கள் வலை, தூண்டில், ஈட்டியோடு போகிறார்கள். பெண்களும் பிள்ளைகளும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றும்போது பவளப்பாரின் தட்டையான மேற்பரப்பான பார்த்திட்டின் மேல் நடந்து, பொந்துகளில் ஒளிந்திருக்கும் பேய்க்கணவாயைக் கம்பியால் குத்தி எடுக்கிறார்கள். ஆக்டோபஸ் என்று புத்தகத்தில் இருப்பது இதுதான். வீட்டுச் செலவுக்கான கைக்காசு பல குடும்பங்களில் இதிலிருந்தே வருகிறது. இது முக்கியம். பின்னால் சொல்லப்போகும் எல்லாக் கட்டுப்பாடுகளும் முதலில் தொடுவது இந்தப் பெண்களின் வருமானத்தைத்தான்.

பவளப்பார் எவ்வளவு கெட்டிருக்கிறது?

துலியாராவுக்கு எதிரே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெருந்தடுப்புப் பார் இருக்கிறது. 1960களின் வான்படங்களையும் பிந்தைய செயற்கைக்கோள் படங்களையும் வைத்து ஒப்பிட்டபோது, திட்டின் மேற்பரப்பில் இருந்த பவளப் பரப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது தெரிந்தது.

காரணம் ஒன்றல்ல. ஃபிஹெரெனானா, ஒனிலாஹி ஆறுகள் காடழிந்த நிலத்தின் செம்மண்ணைக் கொண்டுவந்து பாரின் மேல் கொட்டுகின்றன. மண் படிந்த பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது, புதிய பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ளவும் இடம் இருக்காது. 1998, 2016 ஆண்டுகளில் கடல்நீர் சூடேறி, மேற்கு இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பவளம் வெளுத்தது. இவற்றோடு மனிதக் கால்கள். நாள்தோறும் நூற்றுக்கணக்கானவர் திட்டின் மேல் நடந்து கல்லைப் புரட்டினால் கிளைப்பவளம் நொறுங்குகிறது. புரட்டிய கல்லைத் திரும்பக் கவிழ்த்து வைக்காவிட்டால் அதன் அடியில் வாழ்ந்த உயிர்கள் வெயிலில் செத்துப்போகும். கல்லைப் பழையபடி வைத்துவிட்டு நகர்வது காசு செலவில்லாத காரியம். ஊர்க்கூட்டங்களில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உள்நாட்டு வறட்சிக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு?

மழை பொய்த்தால் மக்காச்சோளமும் மரவள்ளியும் இல்லை. விதைப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் கடற்கரைக்கு நடக்கிறார்கள். வள்ளம் வாங்கவோ ஓட்டவோ அவர்களால் முடியாது. ஆகவே கால் நனைத்துப் பிடிக்கக்கூடியதைப் பிடிக்கிறார்கள்: திட்டிலும் கடற்புல்லிலும், கிடைத்த வலையோடு. 2020-21 வறட்சியில் தெற்கு மடகாஸ்கர் பஞ்சத்தின் விளிம்புக்குப் போனது. அதைப் பருவநிலை மாற்றத்தின் பஞ்சம் என்றே உலகம் பேசியது. ஆனால் 2021 இறுதியில் வந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று, அந்த மழைக் குறைவில் புவி வெப்பமேற்றத்தின் பங்கு சிறிதே என்றும், வறுமையும் மழையை மட்டுமே நம்பிய விவசாயமும்தான் மக்களை அவ்வளவு தூரம் தள்ளின என்றும் கண்டது. பழியை வானத்தின் மேல் போட்டுவிட்டால் கிணறு, விதை, சாலை, பள்ளி எதையும் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தப் பிடிமுறை அதிகக் கேடு செய்கிறது?

மூன்று. முதலாவது சிறுகண் கரைவலை. கடற்புல்லை வழித்துக்கொண்டு வருவதால் அங்கே வளரும் குஞ்சுகள் மொத்தமாக ஏறிவிடுகின்றன. வலையின் பைப்பகுதியான மடியில் கொசுவலைத் துணியைத் தைத்துவிட்டால் விரல்நுனி அளவு மீன்கூடத் தப்பாது. இரண்டாவது கள்ளிப்பால். நம் ஊர் வேலிகளில் நிற்கும் திருகுகள்ளியின் பாலை அங்கே ‘லாரோ’ என்று சொல்லிப் பார்க்குழிகளில் ஊற்றுகிறார்கள். மயங்கி மிதக்கும் மீனை அள்ளிக்கொள்ளலாம். ஆனால் பெரிது, சிறிது, முட்டை, புழு என்று குழியில் இருந்த அத்தனைக்கும் அதே கதி. மூன்றாவது, முன்பே சொன்ன கல் புரட்டல்.

கரைவலையைத் தடை செய்வது எல்லாவற்றிலும் கடினம். ஒரு வலையை இழுக்கப் பல குடும்பங்கள் கூடுகின்றன. வலை நின்றால் அத்தனை பேருக்கும் அன்றைய சோறு நிற்கும். வலையைப் பறிப்பதற்கு முன் பெரிய கண் வலையோ தூண்டில் கயிறோ கைக்கு வந்திருந்தால்தான் தடை நிலைக்கும். வெறும் அறிவிப்போடு விட்ட ஊர்களில் கரைவலை இரவுக்கு மாறிவிடும், அவ்வளவுதான்.

பேய்க்கணவாய்ப் பகுதியை ‘மூடுவது’ என்றால் என்ன?

ஊரின் மீன்பிடி இடத்தில் ஒரு துண்டை, அதிகம் போனால் கால் பங்கை, இரண்டு மூன்று மாதத்துக்கு யாரும் தொடாமல் விட்டுவிட்டு, குறித்த நாளில் திறப்பது. முதல் முயற்சி 2004 நவம்பரில், அந்தாவதோவாகா ஊருக்கு அருகே நோசி ஃபாசி என்ற திட்டில் நடந்தது. பார்த்துவிட்டு அக்கம்பக்கத்து ஊர்கள் தாமாகவே தொடங்கின. 2006இல் இந்த ஊர்கள் சேர்ந்து வெலோந்திரியாகே என்ற பாதுகாப்புப் பகுதியை அமைத்தன. ஏறத்தாழ 640 சதுர கிலோமீட்டர், 25 ஊர்கள்.

இவ்வளவு குறுகிய காலம் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். இந்த ஒரு உயிருக்குப் போதும். பேய்க்கணவாய் ஒன்றரை ஆண்டு வாழ்ந்தால் பெரிது. அதற்குள் முழு வளர்ச்சியும் முடிந்துவிடுகிறது, ஆகவே சிறியதாக இருக்கும் காலத்தில் அதன் எடை வெகு வேகமாக ஏறும். இன்று அரைக்கிலோவுக்குக் கீழே இருப்பதை இரண்டு மூன்று மாதம் விட்டுவைத்தால் பல மடங்காகக் கிடைக்கும். களவா போன்ற மெல்ல வளரும் மீனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. மூன்று மாத மூடலால் அவற்றுக்கு ஒரு பயனும் இல்லை.

2004 முதல் 2011 வரை நடந்த 36 மூடல்களைப் பரிசீலித்த ஆய்வு 2015இல் வெளியானது. திறந்த பிறகு வந்த மாதத்தில் அந்தத் திட்டுகளின் பிடிப்பு, மூடுவதற்கு முந்தையதைவிட 700 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. ஒருவர் ஒரு நாளில் பிடிக்கும் அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. மூடியிருந்த காலத்தில் ஊரின் மொத்த வருமானம் குறிப்பிடும்படி விழவில்லை, மற்ற முக்கால் பங்கு இடம் திறந்தே இருந்ததால். மூடலை ஊர் ஏற்றுக்கொள்வதற்கு இந்தக் கடைசி வரிதான் உயிர்.

மூடலை எப்படிச் செய்கிறார்கள்?

ஊர்க்கூட்டம் கூடி இடத்தைக் குறிக்கும். நன்றாகக் கிடைக்கும் திட்டாக இருக்க வேண்டும். செத்த திட்டை மூடினால் திறக்கும் நாளில் வெறுங்கைதான், அடுத்த மூடலுக்கு ஒருவரும் வர மாட்டார்கள். கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் திட்டு நல்லது, காவலுக்குத் தனியாள் வேண்டாம். எல்லையை மணல்திட்டு, தனிப்பாறை, மிதவை என்று எல்லோருக்கும் தெரிந்த அடையாளத்தால் சொல்ல வேண்டும். வரைபடத்தில் மட்டும் இருக்கும் கோட்டை ஒருவரும் மதிக்க முடியாது.

திறக்கும் தேதியை மூடும் நாளிலேயே முடிவு செய்கிறார்கள். நீர் நன்றாக வற்றும் அமாவாசை அல்லது பௌர்ணமிக் காலத்தில், காலை வற்றத்தில் திறப்பு விழ வேண்டும். கொள்முதல் செய்பவருக்கு முன்னதாகவே சொல்லி, விலை பேசி, போதிய ஐஸ் வரவழைத்திருக்க வேண்டும்.

திறக்கும் நாளில் என்ன தவறுகிறது?

தவறுவது பெரும்பாலும் அன்றைக்குத்தான். செய்தி பரவி, மூடலில் பங்கே இல்லாத ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவிவார்கள். மூன்று மாதம் காத்திருந்த பெண்ணுக்கு இரண்டு, வள்ளத்தில் வந்த வெளியாளுக்கு இருபது என்று ஆகிவிடும். ஒரே நாளில் சரக்கு மலைபோல் வந்து சேர்ந்தால் விலை இறங்கும். ஐஸ் தீர்ந்தால் மீதி கெடும். அவசரத்தில் திட்டை மிதித்துப் பவளத்தை உடைப்பார்கள். முதல் இரண்டு மூன்று வற்றத்திலேயே எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், அடுத்த மாதம் திட்டு மூடலுக்கு முன்பிருந்ததைவிட மோசமாக இருக்கும்.

இதற்கு அந்தக் கரை கண்ட வழி, பல ஊர்களின் திட்டுகளை ஒரே நாளில் திறப்பது. அவரவர் திட்டுக்கு அவரவர் போவார்கள், கூட்டம் பிரியும். தொடங்கும் நேரத்தை ஊர்ப் பெரியவர் சைகை காட்டிய பிறகே யாரும் இறங்கலாம் என்று வைப்பதும், நடந்து வருபவருக்கு முதலிடம் கொடுப்பதும் நியாயமானவை. பிடித்ததை எடைபோட்டு எழுதி வைப்பதை விட்டுவிடக் கூடாது. எண்ணிக்கை கையில் இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் குரல் ஓங்கியவர் சொல்வதே கணக்காகிவிடும்.

350 கிராமுக்குக் கீழான பேய்க்கணவாயைப் பிடிக்கக் கூடாது என்ற சட்டம் போதுமா?

போதாது. பெண் பேய்க்கணவாய் ஏறக்குறைய 2 கிலோவைத் தாண்டிய பிறகுதான் முட்டையிடத் தயாராகிறது. ஒரே ஒரு முறை முட்டையிட்டு, பொரியும்வரை இரையெடுக்காமல் காத்து, செத்துவிடும். 350 கிராம் என்பது வாங்குபவரின் தராசில் சோதிக்க வசதியான அளவு, இனப்பெருக்கத்தைக் காக்கும் அளவல்ல. தென்மேற்கில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதி வரை பேய்க்கணவாய் பிடிக்கத் தடைக்காலம் இருப்பது கூடுதல் துணை. அடைகாக்கும் தாயைப் பொந்தில் கண்டால் விட்டுவிடுவதையும் பழக்கத்தில் கொண்டுவர வேண்டும். இதற்குச் சட்டம் எழுதலாம், ஆனால் நீருக்கடியில் அதைப் பார்ப்பது பிடிப்பவரின் கண் மட்டும்தான்.

‘தினா’ என்பது என்ன?

ஊர் தானே இயற்றிக்கொள்ளும் கட்டுப்பாடு. யார் எதைச் செய்யக் கூடாது, மீறினால் என்ன தண்டம் என்று கூட்டத்தில் பேசி எழுதுவார்கள். நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் கொடுத்தால் சட்டப் பலம் வந்துவிடும். இயற்கை வளத்தின் பொறுப்பை ஊர்களுக்குக் கைமாற்றும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி திறந்தது. கடலோரத்தில் இப்படி இயங்கும் சமூகங்கள் 2012இல் மிஹாரி என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்தன.

தினா சறுக்கும் இடம் உறவு. சிற்றூரில் எல்லோரும் மாமன் மச்சான். தங்கை மகனிடம் தண்டம் வாங்க ஒரு தலைவருக்குக் கை வராது. அடுத்த ஊரார் சேர்ந்த குழு விசாரித்தால் இது ஓரளவு தீரும். தண்டம் ஏழை கட்டக்கூடிய அளவில் இருக்க வேண்டும். கட்டவே முடியாத தொகை எழுதினால் ஒருபோதும் வசூல் ஆகாது, பிறகு தினா வெறும் தாள்.

நிரந்தரமாக மூடிய பகுதிகளும் உண்டா?

உண்டு. மெல்ல வளரும் பார்மீன்களுக்கு அதுதான் வழி. ஆனால் பலன் தெரியப் பல ஆண்டு ஆகும். பேய்க்கணவாய் மூடலில் மூன்று மாதத்தில் கையில் காசு பார்த்த ஊர்தான் இதற்கும் சம்மதிக்கிறது. வரிசையை மாற்றி, முதலிலேயே நிரந்தர மூடலைக் கொண்டுபோய் இறக்கினால் ஒப்புதல் கிடைக்காது. 2014 நவம்பரில் சிட்னியில் நடந்த உலகப் பூங்கா மாநாட்டில் அன்றைய அதிபர் ஹெரி ராஜோனாரிமாம்பியானினா கடல் பாதுகாப்புப் பரப்பை மும்மடங்காக்குவதாக வாக்களித்தார். பரப்பைக் கூட்டுவதைவிட, கூட்டிய பரப்பில் இந்த வரிசையை மதிப்பது பெரிய வேலை.

அலையாத்தியை ஏன் வெட்டுகிறார்கள்?

வீட்டுக்கம்பு, வேலி, விறகு, வடமேற்கில் கரி. தென்மேற்கில் இன்னொன்று: சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது. வீட்டுச் சுவருக்குப் பூச அந்தச் சுண்ணாம்பு வேண்டும். சூளை நன்றாகச் சூடேற, நின்று எரியும் பச்சை அலையாத்திக் கட்டையை அடுக்குகிறார்கள். 1990க்கும் 2010க்கும் இடையே நாட்டின் அலையாத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது.

2019இல் அசாசின் விரிகுடாவைச் சுற்றியுள்ள 10 ஊர்கள் 1,200 ஹெக்டேருக்கு மேற்பட்ட அலையாத்தியைக் காத்து, அதனால் வெளியேறாமல் நிற்கும் கார்பனை, கார்பன் கிரெடிட் என்ற வரவுச் சான்றாக 20 ஆண்டுத் திட்டத்தில் விற்கத் தொடங்கின. தாஹிரி ஹொன்கோ என்பது பெயர். வரும் பணம் பெரிதல்ல. ஆண்டுக்கு 1,300 டன் சொச்சம் கார்பன் டை ஆக்சைடுக்கு என்ன விலை வருமோ அதுதான். பள்ளிக்கும் கிணற்றுக்கும் உதவும், குடும்பங்களைப் பணக்காரராக்கிவிடும் என்று சொல்லி ஊரை நம்பவைக்கக் கூடாது.

அலையாத்தி நடுவது எப்படி? நட்டது ஏன் சாகிறது?

சுரபுன்னை வகையின் முளைக்குச்சி மரத்திலேயே முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கும். முதிர்ந்தால் காம்புப் பக்கம் மஞ்சள் வளையம் தெரியும், தொட்டாலே கழன்று வரும். பிடுங்கி எடுத்தது முளைக்காது. பூச்சித் துளை, வளைவு, உலர்ந்த நுனி இருந்தால் கழித்துவிடுங்கள். நிழலில் ஈரச்சாக்கில் வைத்து, முடிந்தவரை சீக்கிரம் நடுங்கள். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள், நேராக. ஒன்றுக்கொன்று 1 மீட்டர் இடைவெளி.

சாவதற்குப் பெரிய காரணம் இடம்தான். நடுவது எளிது என்று, எப்போதும் மரமே இல்லாத தாழ்ந்த சேற்றுத்திட்டில் ஆயிரக்கணக்கில் நட்டுப் படம் எடுப்பார்கள். அங்கே நாளில் நெடுநேரம் நீருக்குள் கிடந்து, கொட்டலசு என்னும் ஓட்டுயிர் ஒட்டிக் கன்று சாய்ந்துவிடும். பக்கத்தில் இயற்கையாக நிற்கும் அதே வகை மரத்தின் அடிமட்டம் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்திலேயே நடவேண்டும். வெண்கண்டல் என்னும் வேறு வகை அலையாத்தி நின்ற மேட்டில் சுரபுன்னையை நட்டாலும் பிழைக்காது. தாய்மரம் பக்கத்தில் இருந்து, நீர் வந்துபோகும் வாய்க்கால் அடைபடாமல் இருந்தால் நடவே தேவையில்லை. வெட்டுவதையும் மாடு மேய்வதையும் நிறுத்தினால் தானாக எழும்.

கடலட்டை வளர்ப்பு உண்மையில் கைகொடுக்கிறதா?

கொடுக்கிறது, காவல் இருந்தால். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அறியப்பட்ட அதே வெள்ளை அட்டைதான். துலியாரா அருகே குஞ்சுப் பண்ணை இருக்கிறது. ஏறத்தாழ 15 கிராம் வந்த குஞ்சைக் கடற்புல் உள்ள சேற்றுத்தரையில் வலையடைப்புக்குள் விடுகிறார்கள். 9 முதல் 12 மாதத்தில் 350 கிராமைத் தாண்டினால் எடுக்கலாம். அட்டை பகலில் மண்ணுக்குள் புதைந்துகொள்ளும், இரவில்தான் வெளிவரும். ஆகவே அறுவடை பெருவற்ற நாளின் இரவில்.

வலையின் அடியை மண்ணுக்குள் ஆழப் புதைக்காவிட்டால் அட்டை அடியில் நழுவிப்போகும். சிறு குஞ்சுகளை நண்டு தின்னும், முதல் வாரங்களில் மூடிய கூண்டு வேண்டும், அடைப்புக்குள் நண்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். நெருக்கி விட்டால் வளர்ச்சி நின்றுவிடும்: சதுர மீட்டருக்கு மொத்த எடை 200 கிராமைத் தாண்டத் தொடங்கினாலே கவனிக்க வேண்டும். கனமழையில் உப்பு குறைந்தாலும் சாவு வரும். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு திருட்டு. இரவுக்காவல் முறைவைத்துப் போகாத பண்ணை நட்டத்தில்தான் முடியும்.

கடற்பாசி?

கப்பாபைகஸ் பாசியைக் கயிற்றில் கட்டி வளர்க்கிறார்கள். ஒரு சுற்று சுமார் 45 நாள். எட்டு முதல் பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ. நீர் சூடாகும் மாதங்களில் நூல்போன்ற ஒட்டுப்பாசி படர்ந்து பயிரைக் கெடுக்கும். கயிறுகளை அடிக்கடி உதறிச் சுத்தம் செய்து, நோய் கண்டதை வெட்டி எறிய வேண்டும். ஓரா மீன் கூட்டமாக வந்து மேய்வதும் உண்டு. இந்தப் பாசி அங்கே பிறந்ததல்ல என்பதை மறக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இதே பாசி பவளத்தின் மேல் படர்ந்தது 2008இல் பதிவாயிற்று. கயிறுகளை உயிருள்ள பவளத்திலிருந்து தள்ளி, மணல்தரைக்கு மேல் கட்டுவதே பாதுகாப்பு.

ஆமை பிடிப்பது தடைசெய்யப்பட்டதுதானே?

சட்டப்படி ஆம். ஆனால் வெஸோ மரபில் ஆமை வேட்டைக்குச் சடங்கும் மதிப்பும் உண்டு. தென்மேற்கில் மட்டும் ஆண்டுக்கு 10,000 முதல் 16,000 ஆமைகள் பிடிபடுவதாக 2011இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் பச்சை ஆமை எனப்படும் பேராமை. வெளியிலிருந்து வந்த தடையை மதிக்காதவர்கள், முட்டையிடும் கரையைக் காப்பதற்கு ஊர் தானே எழுதும் தினாவை மதிக்கக்கூடும். முயற்சி அந்தத் திசையில் இருக்க வேண்டும்.

புயல் என்ன செய்கிறது?

கிழக்குக் கரைதான் அதிகம் அடிபடும். 2022 பிப்ரவரியில் பத்சிராய், அடுத்த ஆண்டு ஃப்ரெடி, இரண்டும் மனன்ஜாரி பகுதியில் கரையேறின. தென்மேற்கும் தப்பவில்லை. 2013 பிப்ரவரியில் ஹருனா மொரோம்பே அருகே கரையேறியது. ஃபிஹெரெனானா கரை உடைந்து துலியாராவுக்குள் வெள்ளம் புகுந்தது. புயல் காலத்துக்கு முன் பாசிக் கயிறுகளைக் கழற்றி, விதைப்பாசியில் ஒரு பங்கை ஒதுக்கமான குடாவுக்கு மாற்றி வைத்தால் பிறகு வாங்கக் கடன்பட வேண்டாம்.

பெரிய கப்பல்களைப் பற்றி ஏன் இவ்வளவு கோபம்?

2018இல் ஒரு மடகாஸ்கர் தனியார் அமைப்பும் சீன நிறுவனங்களும் 270 கோடி டாலர், 10 ஆண்டு, 330 படகு என்று ஒப்பந்தம் போட்டன. கடலில் வாழ்பவர்களைக் கேட்கவில்லை. எதிர்ப்பு எழுந்து அது நடைமுறைக்கு வரவில்லை. பேய்க்கணவாய் மூடலுக்காக மூன்று மாதம் பொறுத்த ஊர், அதே கடலில் இழுவைப்படகு ஓடுவதைப் பார்த்தால் கட்டுப்பாட்டை ஏன் மதிக்க வேண்டும் என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் கிடையாது. கரையோரக் கடலைச் சிறு மீனவர்க்கே ஒதுக்க வேண்டும் என்ற மிஹாரியின் கோரிக்கை இங்கிருந்துதான் வருகிறது.

அங்கே பயணம் போகிறவர் என்ன கவனிக்க வேண்டும்?

ஆமை இறைச்சி, பவளம், பெரிய சங்கு வாங்காதீர்கள். உணவகத்தில் உள்ளங்கை அளவுப் பேய்க்கணவாய் வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அடுத்த முறை அதை வாங்க மாட்டார்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை பேய்க்கணவாயே கேட்காதீர்கள். திட்டில் நடக்க நேர்ந்தால் மணல் தடத்தில் நடங்கள். பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைவுக் கட்டணம் கேட்டால் ஊர்க்குழுவிடமே கொடுத்து ரசீது வாங்குங்கள்.